ஞாயிற்றுக்கிழமை பிரன்ச், மேடையில் ஒரு கண்டுபிடிப்பாளர்: ரெண்டு லட்சம் போடலாமா?



"தம்பி, வர்ற ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா? தஞ்சாவூர்ல ஒரு ஹோட்டல்ல இன்வெஸ்டர் மீட். பெரிய கண்டுபிடிப்பாளர் ஒருத்தர் வர்றாரு. பத்தரை மணிக்கு பிரன்ச். நீ ஐடி-ல தானே இருக்கே, உனக்கு எல்லாம் புரியும், வந்துரு."

இந்த மாதிரி மெசேஜ் உங்க மாமாகிட்ட இருந்தோ, கூடப் படிச்சவர்கிட்ட இருந்தோ என்னைக்காவது வரும். இதுக்கு முன்னாடி சென்னை, கோவையோட நின்ன பழக்கம் இது. இப்போ தஞ்சாவூர்லயே 2024-ல் மினி டைடல் பார்க் திறந்தாச்சு. வீட்டிலிருந்து வேலை பார்க்கிற பசங்க கும்பகோணத்துலயும் மன்னார்குடியிலயும் இருக்காங்க. சம்பளம் இருக்கிற இடத்தைத் தேடி முதலீட்டுக் கூட்டமும் வரத்தான் செய்யும்.

டிகிரி காபி, அசோகா அல்வா, நடுவுல ஒரு அருமையான பேச்சு. கடைசியில, "சார், மினிமம் ரெண்டு லட்சம்தான். முதல் ரவுண்டு, இன்னும் பத்து சீட்தான் பாக்கி." அந்த இடத்துல என்ன முடிவு எடுக்கணும்? அதைத்தான் இந்தப் பதிவில் ஒவ்வொரு படியாகப் பார்க்கப் போறோம்.

இந்தக் கூட்டம் நல்லதா, ஏமாத்தா?

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். இன்வெஸ்டர் மீட் என்பதே ஏமாத்து வேலை இல்லை. புதுக் கம்பெனிக்கு பேங்க் லோன் எளிதில் கிடைக்காது, ஏன்னா அடமானம் வைக்க எதுவும் இருக்காது. அதனால் சொந்தப் பணத்தைப் போட்டு பங்கு வாங்குகிறவர்கள் தேவை. இவர்களைத்தான் ஏஞ்சல் முதலீட்டாளர்கள் என்கிறோம்.

தமிழ்நாட்டில் 2007-லேயே 'தி சென்னை ஏஞ்சல்ஸ்' தொடங்கியாச்சு. மதுரையை மையமா வைச்சு 'நேட்டிவ் ஏஞ்சல்ஸ் நெட்வொர்க்' வந்தது. மாநில அரசோட 'ஸ்டார்ட்அப் டிஎன்' அமைப்பு டான்சீட் திட்டத்தில் தேர்வான கம்பெனிகளுக்கு ஆரம்ப நிதி கொடுக்குது. 2025 அக்டோபரில் கோவை கொடிசியாவில் ரெண்டு நாள் உலக ஸ்டார்ட்அப் மாநாடே நடத்தினாங்க.

டெல்டாக்காரங்களுக்கும் பங்கு என்பது புதுசு கிடையாது. இன்னைக்கு சிட்டி யூனியன் பேங்க் என்று நமக்குத் தெரிஞ்ச வங்கி 1904-ல் 'கும்பகோணம் பேங்க்' என்ற பேரில் தொடங்கினது. ஊர்ப் பணத்தில் கம்பெனி வளர்வது நம்ம மண்ணிலேயே நடந்த விஷயம்தான்.

அதனால கேள்வி "இது நல்லதா கெட்டதா" என்பது இல்லை. "இது மாசச் சம்பளம் வாங்குகிற எனக்கானதா" என்பதுதான் கேள்வி.

கண்டுபிடிப்பு வேற, கம்பெனி வேற, பங்கு வேற

மேடையில் ஒரு கண்டுபிடிப்பாளர் பேசும்போது நம்ம மனசு மூணு விஷயத்தை ஒண்ணாக் குழைச்சுடும். ஆள் பெரியவர், அதனால் பொருள் நல்லது, அதனால் பங்கு ஏறும். இந்த மூணும் தனித்தனி.

கோவை அருணாச்சலம் முருகானந்தத்தை எடுத்துக்குங்க. குறைந்த விலையில் சானிட்டரி நாப்கின் தயாரிக்கிற மெஷினைக் கண்டுபிடிச்சவர், 2016-ல் பத்மஸ்ரீ வாங்கியவர். அவர் மெஷினைப் பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்குக் கொடுக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தார். கண்டுபிடிப்பு எத்தனையோ ஊர்ப் பெண்களுக்குப் பயன்பட்டது. ஆனா அவருடைய பேச்சைக் கேட்டுட்டு "எனக்கு ஒரு பங்கு கொடுங்க" என்று கேட்டிருந்தா, வாங்குவதற்கு அங்கே பங்கு என்ற ஒன்று இருந்திருக்காது. ஊருக்குக் கிடைக்கிற லாபமும் முதலீட்டாளருக்குக் கிடைக்கிற லாபமும் எப்பவும் ஒண்ணா வராது.

அடுத்து கார்டெக்ட். ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவும் மிடாஸ் கம்யூனிகேஷன்ஸும் சேர்ந்து 1990-களில் உருவாக்கிய வயர்லெஸ் தொலைபேசித் தொழில்நுட்பம். கம்பி இழுக்காமல் கிராமத்துக்கு போன் கொண்டு போகலாம் என்பது அன்றைக்குப் பெரிய சாதனை. ஆனா அதற்குள் செல்போன் மலிவாகி எல்லார் பாக்கெட்டுக்கும் வந்துடுச்சு. தொழில்நுட்பம் தோற்கலை, சந்தைதான் வேற பக்கம் திரும்பிடுச்சு. நல்ல கண்டுபிடிப்புக்கும் இது நடக்கும்.

மோசமான உதாரணம் அமெரிக்காவில் இருக்கு. 2003-ல் தொடங்கிய தெரனோஸ். சில துளி ரத்தத்தில் பல பரிசோதனைகள் என்றார் எலிசபெத் ஹோம்ஸ். கம்பெனியின் மதிப்பு ஒரு கட்டத்தில் 900 கோடி டாலர். மெஷின் சொன்னபடி வேலை செய்யலை. 2022-ல் முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக அவர் மேல் குற்றம் நிரூபணமாகி, பதினோரு ஆண்டுக்கு மேல் சிறைத்தண்டனை. அதில் பணம் போட்டவர்கள் ஏமாளிகள் இல்லைங்க, பெரிய பெரிய பணக்காரர்கள். மேடைப் பேச்சு அவர்களையே அசைச்சுடுச்சு.

ஜெயிச்ச கதையும் பார்ப்போம். ஏத்தர் எனர்ஜி. ஐஐடி மெட்ராஸில் படிச்ச தருண் மேத்தா, ஸ்வப்னில் ஜெயின் 2013-ல் தொடங்கினது. முதல் ஸ்கூட்டர் விற்பனைக்கு வந்தது 2018-ல். பங்குச் சந்தையில் பட்டியலானது 2025 மே மாதம். அப்போதும் கம்பெனி நஷ்டத்தில்தான் இருந்தது. ஜெயிச்ச கம்பெனியிலேயே 12 வருஷக் காத்திருப்பு. இன்னைக்கு உங்களுக்கு 26 வயசுன்னா, 38 வயசு வரைக்கும் அந்தப் பணத்தைத் தொட முடியாது. நடுவுல கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன் எல்லாம் வந்துடும்.

நம்ம ஊர் உதாரணம்: நெல் காய வைக்கிற மெஷின்

இப்போ ஒரு கற்பனை உதாரணம். தஞ்சாவூர் பிரன்ச்சில் ஒருத்தர் ஈர நெல்லை உலர்த்துகிற நடமாடும் மெஷினைக் காட்டுகிறார் என்று வைச்சுக்குவோம். டெல்டாவில் வளர்ந்த யாருக்கும் இது மனசைத் தொடும். ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காய வைத்து, மழை வந்ததும் தார்ப்பாயோடு ஓடியதைப் பார்த்து வளர்ந்தவங்க நாம.

பிரச்சினை உண்மையானது, பழையதும்கூட. 1960-களில் ஆடுதுறையின் ஏடிடி-27 ரகம் வந்து குறுவைச் சாகுபடி பெருகினப்போ, அறுவடை வடகிழக்குப் பருவமழையில் மாட்டியது. அந்த ஈர நெல்லைக் காப்பாற்றத்தான் திருவாரூரில் நெல் பதன ஆராய்ச்சி மையம் உருவானது. அதன் தொடர்ச்சிதான் இன்று தஞ்சாவூர் புதுக்கோட்டை சாலையில் இருக்கிற நிஃப்டெம் நிறுவனம்.

சரி, பிரச்சினை உண்மை, மெஷினும் வேலை செய்யுதுன்னே வைப்போம். முதலீட்டாளரா நீங்க கேட்க வேண்டியது இதுதான்.

ஒண்ணு, மெஷின் வருஷத்தில் எத்தனை நாள் ஓடும்? குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபர். சம்பா, தாளடி ஜனவரியிலிருந்து மார்ச் வரை. தாராளமாக் கணக்குப் போட்டாலும் 90 நாள். மெஷின் விலை 25 லட்சம், ஆயுள் 10 வருஷம் என்றால் வருஷத்துக்கு 2.5 லட்சம் தேய்மானம். 300 நாள் ஓடினா ஒரு நாள் செலவு சுமார் 833 ரூபாய். 90 நாள்தான் ஓடினா 2,778 ரூபாய். இதில் டீசல், ஆள் கூலி இன்னும் சேர்க்கலை. மேடையில் காட்டுகிற லாபக் கணக்கு எத்தனை நாளை வைச்சுப் போட்டது என்று கேளுங்க.

ரெண்டு, காசு கொடுப்பது யார்? நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பத வரம்பு 17 சதவீதம். 22 சதவீத ஈரம் இருக்கிற 100 கிலோ நெல்லை 17-க்குக் கொண்டு வந்தா மிஞ்சுவது சுமார் 94 கிலோ. 6 கிலோ தண்ணீராப் போயிடும். குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் என்றால் 150 ரூபாய் குறையும், அதுக்கு மேல மெஷின் வாடகை. நெல்லையே எடுக்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினா விவசாயி இதைச் சந்தோஷமாகக் கொடுப்பார். ஆனா மழை அதிகமான வருஷங்களில் ஈரப்பத வரம்பைத் தளர்த்தச் சொல்லி அரசிடம் கேட்பதும், தளர்த்துவதும் டெல்டாவில் வழக்கம். அதாவது மெஷினுக்கு டிமாண்ட் உச்சத்தில் இருக்க வேண்டிய அதே வருஷத்தில், ஒரு அரசாணையால் டிமாண்ட் இறங்கிடலாம்.

மூணு, தண்ணி. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்தா குறுவை நல்லா இருக்கும். 2024-ல் திறந்தது ஜூலை 28. அந்த மாதிரி வருஷத்தில் குறுவைப் பரப்பு குறைஞ்சா, மெஷினோட ஒரு சீசன் வருமானத்தில் கை வைச்ச மாதிரி.

பார்த்தீங்களா? கண்டுபிடிப்பாளர் ஒரு பொய்கூட சொல்லலை. ஆனாலும் முதலீடு நஷ்டமாகலாம். தப்பான ஆளைக் கண்டுபிடிப்பதை விட இந்தக் கேள்விகளைக் கேட்பதுதான் முக்கியம்.

ரெண்டு லட்சத்தோட கணக்கு

கம்பெனியின் மதிப்பு, உங்க ரவுண்டுப் பணமும் சேர்த்து 5 கோடி. நீங்க போடுவது 2 லட்சம். உங்க பங்கு 0.4 சதவீதம்.

அடுத்து ரெண்டு ரவுண்டு பணம் திரட்டுவாங்க. ஒவ்வொரு தடவையும் புதுசா வர்றவங்களுக்கு 20 சதவீதம் போனா, உங்க பங்கு 0.32 ஆகி, அப்புறம் 0.256 ஆகும். 10 வருஷம் கழிச்சு கம்பெனி 50 கோடிக்கு விலை போகுது. உங்க கைக்கு 12.8 லட்சம். ரெண்டு லட்சம் 12.8 லட்சம் ஆச்சுன்னா வருஷத்துக்கு ஏறக்குறைய 20 சதவீத வளர்ச்சி. சூப்பர்தானே?

கொஞ்சம் பொறுங்க. எல்லாக் கம்பெனியும் இப்படி ஜெயிக்காது. பத்துக் கம்பெனியில் தலா 2 லட்சம், மொத்தம் 20 லட்சம் போட்டு, ஒண்ணு மட்டும் ஜெயிச்சு ஒன்பது மூடிட்டா, கையில் 12.8 லட்சம்தான். 7.2 லட்சம் நஷ்டம்.

அதே 20 லட்சத்தை ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டு, வருஷம் 12 சதவீதம் வளர்ந்தது என்று வைச்சா (இது அனுமானம்தான், உத்தரவாதம் இல்லை), 10 வருஷத்தில் சுமார் 62 லட்சம். அதை எட்டணும்னா ஜெயிச்ச அந்த ஒரு கம்பெனி 50 கோடிக்கு இல்லை, சுமார் 243 கோடிக்கு விலை போகணும்.

இன்னொரு விஷயம். பின்னாடி வர்ற பெரிய முதலீட்டாளர்கள் பெரும்பாலும் முன்னுரிமைப் பங்கு வாங்குவாங்க. கம்பெனியை விற்கும்போது அவங்க போட்ட பணம் முதல்ல வெளியே போகும், மிச்சம்தான் சாதாரணப் பங்குதாரருக்கு. பந்தியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தவருக்குப் பாயசம் மிஞ்சுமா என்கிற கதைதான்.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தப் பகுதியை மட்டும் சேவ் பண்ணி வைச்சுக்குங்க.

செபியில் பதிவு பெற்ற ஏஞ்சல் ஃபண்ட் என்றால், 2025 செப்டம்பர் திருத்தத்துக்கு அப்புறம் அதில் 'அக்ரெடிட்டட் இன்வெஸ்டர்' மட்டும்தான் புதுசாச் சேர முடியும். தனிநபருக்கு ஆண்டு வருமானம் 2 கோடி இருக்கணும். இல்லைன்னா சொத்து மதிப்பு 7.5 கோடி, அதில் பாதி நிதிச் சொத்தா இருக்கணும். ரெண்டும் கலந்த இன்னொரு வழியும் இருக்கு, அதுக்கும் வருமானம் 1 கோடி வேணும். மாசம் 45,000 வாங்குகிறவருக்கு இந்தக் கதவு மூடித்தான் இருக்கு. பணம் போனாலும் தாங்குகிறவங்க மட்டும் வரட்டும் என்பதுதான் இதன் நோக்கம்.

அப்போ அந்த பிரன்ச்சில் ரெண்டு லட்சம் கேட்பது எந்த வழியில்? அனேகமா நேரடியா ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் பங்கு. இதுக்கு கம்பெனிகள் சட்டம் பிரிவு 42 பொருந்தும். அதன் முக்கிய விதிகள்:

- ஒரு நிதியாண்டில் 200 பேருக்கு மேல் பங்கு வாங்க அழைக்கக் கூடாது. அந்த நபர்களை முன்கூட்டியே அடையாளம் கண்டு, பேர் பதிவு பண்ணி, பிஏஎஸ்-4 என்ற படிவத்தில் உங்க பேருக்கே சலுகைக் கடிதம் கொடுக்கணும்.
- பொதுவா விளம்பரம் பண்ணக் கூடாது. "யார் வேணும்னாலும் வாங்க, பங்கு வாங்குங்க" என்ற வாட்ஸ்அப் ஃபார்வர்டே முதல் சந்தேகம்.
- ரொக்கம் கூடாது. உங்க பேங்க் கணக்கிலிருந்து, கம்பெனி இதுக்காகத் தனியா வைச்சிருக்கிற கணக்குக்குத்தான் போகணும். புரமோட்டரோட சொந்த ஜிபே நம்பருக்கு அனுப்பச் சொன்னா அங்கேயே நிறுத்திடுங்க.
- பணம் வாங்கின 60 நாளுக்குள் பங்கு ஒதுக்கணும். இல்லைன்னா அடுத்த 15 நாளில் திருப்பித் தரணும். அதையும் தாண்டினா 12 சதவீத வட்டி சேர்த்துத் தரணும்.
- பங்கு ஒதுக்கி, பிஏஎஸ்-3 படிவத்தை அரசிடம் தாக்கல் செய்யும் வரை அந்தப் பணத்தைக் கம்பெனி செலவு பண்ணக் கூடாது.

"பங்கெல்லாம் வேண்டாம் சார், கடனாக் கொடுங்க, மாசம் 3 சதவீதம் கட்டாயம் தர்றோம்" என்று சொன்னா அது வேற விஷயம். அது முதலீடு இல்லை, டெபாசிட். பொதுமக்களிடம் அப்படி வாங்க பிரைவேட் கம்பெனிக்கு அனுமதி இல்லை. 2019-ன் முறைப்படுத்தப்படாத டெபாசிட் தடைச் சட்டமும், தமிழ்நாட்டின் 1997 முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் இதுக்காகவே இருக்கு. புகார் கொடுக்க வேண்டிய இடம் பொருளாதாரக் குற்றப்பிரிவு. ஆனா ஒண்ணு, வழக்குப் போட முடியும் என்பதும் பணம் திரும்பி வரும் என்பதும் ஒண்ணு இல்லைங்க.

"சும்மா ஸ்லீப்பிங் பார்ட்னரா இருங்க" என்று கூப்பிட்டா இன்னும் கவனம். சாதாரணக் கூட்டு நிறுவனத்தில் பார்ட்னரானா, நிறுவனத்தின் கடனுக்கு உங்க சொந்தச் சொத்தும் பொறுப்பு. போட்ட ரெண்டு லட்சத்தோட நஷ்டம் நிக்காது. தவிர, உங்க கம்பெனி கொடுத்த வேலை ஒப்பந்தத்தில் வேற தொழிலில் சேரக் கூடாது என்று இருக்கான்னும் பாருங்க.

வரியில் என்ன மாறும்?

நிறையப் பேர் கவனிக்காத இடம் இது.

பட்டியலிடாத பங்கு ஒண்ணே ஒண்ணு வைச்சிருந்தாலும் நீங்க ஐடிஆர்-1 தாக்கல் பண்ண முடியாது. ஐடிஆர்-2 போகணும், அதில் அந்தக் கம்பெனியின் விவரத்தையும் காட்டணும். பார்ட்னரா இருந்தா ஐடிஆர்-3.

24 மாசத்துக்கு மேல் வைச்சிருந்து விற்றா நீண்டகால லாபம், 12.5 சதவீத வரி. பட்டியலிட்ட பங்குக்குக் கிடைக்கிற 1.25 லட்சம் விலக்கு இதுக்குக் கிடையாது. 24 மாசத்துக்குள் விற்றா உங்க ஸ்லாப்படி வரி.

நஷ்டம் ஆனா? அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. நீண்டகால நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டும்தான் ஈடு கட்டலாம். ரிட்டர்னைக் கெடு தேதிக்குள் போட்டிருந்தா 8 வருஷம் முன்னெடுத்துப் போகலாம். ஆனா கம்பெனி சத்தமில்லாமல் படுத்துட்டா, வாங்கவும் ஆள் இல்லாமல், முறைப்படி மூடவும் இல்லாமல் அந்தப் பங்கு உங்க பேரில் கிடக்கும். நஷ்டத்தைக் கணக்கில் காட்டவே வழி இருக்காது.

'ஏஞ்சல் டேக்ஸ் எடுத்துட்டாங்களே' என்று மேடையில் சொல்வாங்க. உண்மைதான், 2024 பட்ஜெட்டில் எடுத்தாங்க. ஆனா அது கம்பெனி கட்டின வரி. உங்க வரியில் அதனால் எந்த மாற்றமும் இல்லை.

அப்போ போகவே வேண்டாமா?

தாராளமாப் போங்க! தொழில் பண்றவங்க எப்படி யோசிக்கிறாங்க என்று நேரில் பார்க்கிறது நல்ல படிப்பு. வேலை வாய்ப்பு கிடைக்கலாம், நல்ல நட்பு கிடைக்கலாம். செக் புக்கை மட்டும் வீட்டில் வைச்சுட்டுப் போங்க. போனா இதெல்லாம் கேளுங்க:

1. காப்புரிமை விண்ணப்பம் போட்டிருக்கா, கிடைச்சிருச்சா? ரெண்டும் வேற வேற. விண்ணப்ப நம்பரை வாங்கிட்டு வந்து காப்புரிமை அலுவலக இணையதளத்தில் தேடினா நிலவரம் தெரியும்.
2. காப்புரிமை யார் பேரில்? கண்டுபிடிப்பாளர் பேரில் இருந்து கம்பெனி பேரில் இல்லைன்னா, நீங்க வாங்குவது மெஷின் இல்லாத கம்பெனியின் பங்கு.
3. மெஷினை வெளியார் யாராவது சோதிச்ச அறிக்கை இருக்கா? பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நிறுவனமோ கொடுத்தது. 1996-ல் மூலிகை பெட்ரோல் என்று தமிழ்நாடே பேசினது உங்க அப்பாவுக்கு ஞாபகம் இருக்கும். மேடையில் எரிஞ்சது, விஞ்ஞானிகள் சோதனையில் நிற்கலை.
4. காசு கொடுத்து வாங்கின வாடிக்கையாளர் எத்தனை பேர்? ரெண்டு பேரோட போன் நம்பர் கிடைக்குமா?
5. நான் வெளியே வரணும்னா என் பங்கை யார் வாங்குவாங்க?

வீட்டுக்கு வந்ததும் கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் கம்பெனி பேரைப் போடுங்க. எப்போ தொடங்கினது, இயக்குநர்கள் யார், கடைசியா எப்போ கணக்குத் தாக்கல் பண்ணாங்க என்பதெல்லாம் தெரியும். சிறு கட்டணத்தில் பேலன்ஸ் ஷீட்டையே எடுக்கலாம். "இன்னைக்கே போட்டாத்தான்" என்கிறவரிடம், "சரிங்க சார், அப்போ எனக்கு வேண்டாம்" என்று சொல்லப் பழகுங்க. நல்ல கம்பெனி ரெண்டு வாரம் காத்திருக்கும்.

என் கருத்து

ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட், டேர்ம் இன்ஷூரன்ஸ், ஹெல்த் இன்ஷூரன்ஸ், ஓடிக்கிட்டிருக்கிற எஸ்ஐபி, பர்சனல் லோன் பூஜ்யம். இந்த அஞ்சும் இருந்தா மட்டும் யோசிங்க. அப்பவும் உங்க மொத்தச் சேமிப்பில் 5 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். சேமிப்பு 8 லட்சம்னா 40,000. அவங்க மினிமம் ரெண்டு லட்சம்னா, அந்த வாய்ப்பு உங்களுக்கானது இல்லை, அவ்வளவுதான்.

கடன் வாங்கிப் போடாதீங்க. அப்பா சம்பா நெல் போட்ட காசை வாங்கிப் போடவே போடாதீங்க. விவசாயி ஏற்கனவே மழையையும் மேட்டூரையும் நம்பி ரிஸ்க் எடுத்துட்டார். அதே பணத்தை இன்னொரு தடவை ரிஸ்க்கில் வைக்கிற உரிமை நமக்கு இல்லை.

மாமா கோவிச்சுக்குவாரேன்னு தயங்க வேண்டாம். "மாமா, நல்ல கூட்டம், நல்லாப் பேசினாரு. பேப்பர் எல்லாம் அனுப்பச் சொல்லுங்க, படிச்சுட்டுச் சொல்றேன்." இது போதும். பேப்பர் வந்தா மேல இருக்கிற அஞ்சு கேள்விக்கும் அதில் பதில் இருக்கான்னு பாருங்க. வரலைன்னா அதுவே பதில்.

இது பொதுவான விளக்கம்தான், தனிப்பட்ட முதலீட்டு ஆலோசனை இல்லை. முடிவு எடுக்கும் முன் செபியில் பதிவு பெற்ற ஆலோசகரிடம் உங்க நிலைமையைச் சொல்லிக் கேட்டுக்குங்க. பட்டியலிடாத பங்கை ஐடிஆர்-2-ல் எப்படிக் காட்டுவது என்பதை அடுத்த வீடியோவில் ஸ்கிரீனில் காட்டறேன். சந்திப்போம்!